ஆல்ஃபா ஏறாத மாப்பிள்ளை

மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கி ராஜவேல் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பால்மானி வீடு' என்று கேட்க வேண்டும். வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, "உள்ள போயி காபி மட்டும் கேட்றாதீங்க" என்று எச்சரித்துவிட்டும் போவார்கள்.

ராஜவேல் எனக்கு மாமா. என் அக்கா மலர்க்கொடியின் வீட்டுக்காரர். பால் சங்கத்தில் பரிசோதகராகச் சேர்ந்து அதே நாற்காலியிலேயே ஓய்வு பெற்றவர். கண்ணாடிக் குழாய் போலிருக்கும் பால்மானியைப் பாலில் மிதக்கவிட்டு, எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்வதுதான் வேலை. வேலையைச் சங்கத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் அவரும் நிம்மதியாக இருந்திருப்பார், நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். பால்மானியை அவர் மனதிலேயே செருகிக்கொண்டு திரிந்தார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே இது தெரிந்துபோயிற்று. கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பால்ல தண்ணி ஜாஸ்தி" என்றார். என் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். உள்ளேயிருந்து அக்கா, "ஆமா, நான்தான் ஊத்தினேன். வந்தவங்க ஜாஸ்தி, பால் கம்மி" என்றாள். உண்மையை ஒப்புக்கொண்ட அந்தக் குரலுக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். அந்தக் காபியை அன்றைக்கே தலையில் ஊற்றியிருக்க வேண்டும் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு பால் கிடைக்கவில்லை, மனிதர்கள் கிடைத்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, விரலில் மாட்டுவது, அக்குளில் வைப்பது என்று வாங்கிக் குவித்தார். வந்தவர் காபி கேட்டால், முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கீரை விற்க வருகிற அம்மாள்கூட அந்த வீட்டைத் தாண்டும்போது குரலைக் குறைத்துக்கொண்டுதான் போவாள். கேட்டால் மாமாவுக்கு ஒரே பதில்: "மனுசன் வாய் பொய் சொல்லும் மச்சான். முள்ளு பொய் சொல்லாது."

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண். இளமதி. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது ஜாதகம் பார்க்கமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டி வைத்த பக்கத்து வீட்டுப் பெண் தலை தீபாவளிக்குத் தனியாக வந்து, அப்படியே தங்கிவிட்டாள். "ஜாதகம் சும்மா காகிதம். அதுல முள்ளு எங்க இருக்குது?" என்றார்.

முள்ளைக் கொண்டுவந்து கொடுத்தது என் கடை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பரங்கிப்பேட்டை நாசர் என் கூட்டாளி. துபாயிலிருந்து லீவில் வந்தவன், தலையில் மாட்டுகிற ஒரு பட்டையைச் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவந்தான். நெற்றியில் படுகிற இடத்திலும் காதுக்குப் பின்னாலும் சென்சார் இருக்கும். மூளையில் ஓடுகிற மின்சாரத்தைப் பிடித்து, வேகவாரியாகப் பிரித்து, செல்போனில் ஐந்து கலரில் ஐந்து கோடாகக் காட்டும்.

"தியானத்துக்குன்னு வாங்கினேன் கொளஞ்சி. இத மாட்டினா நிம்மதி வருதா வருதான்னு பாத்துப் பாத்தே இருந்த நிம்மதியும் போச்சு. நீயே வச்சிக்க" என்று சொல்லி நாசர் விமானம் ஏறிவிட்டான்.

அதைச் சரிசெய்து மேசைமேல் வைத்த நேரம் பார்த்து மாமா கடைக்குள் வந்தார். என்ன ஏதென்று கேட்டார். சொன்னேன். கோயில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இளமதிதான் அவருக்குப் பாடம் எடுத்தாள். மெதுவாக ஓடுகிற அலை டெல்டா, அது ஆழ்ந்த தூக்கத்துக்கு. அடுத்தது தீட்டா, தூக்கம் சொக்கும்போது. கண்ணை மூடி அமைதியாக இருந்தால் ஆல்ஃபா. யோசனை, படபடப்பு என்றால் பீட்டா. எல்லாவற்றையும்விட வேகமாக ஓடுவது காமா.

"டெல்டான்னா கொள்ளிடத்துக்கு அந்தாண்டதான?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அக்கா. "அந்தப் பக்கம் பொண்ணு குடுக்க வேணாம், போயி வர தூரம்."

"அது வேறம்மா."

"தீட்டான்னியே, அது என்னா? தீட்டுன்னா அந்தப் பட்டைய வீட்டுக்குள்ள வைக்காத."

அக்கா சொன்னதை அன்றைக்கு எல்லோரும் சிரித்துத் தள்ளினோம். பின்னால் அனுபவித்தோம்.

இதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இளமதியின் மனதில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். சிதம்பரம் தெற்கு வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாலகுமார். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பழக்கம். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்பாகிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா வேணான்னு சொல்ல மாட்டாரு மாமா. அவுரு தலையில பட்டைய மாட்டுவாரு. அதுல அவுரு தோத்துட்டாருன்னா, அப்புறம் அப்பா மனச மாத்த ஆண்டவனாலயும் முடியாது" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும், சரி, நேரம் வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நேரத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகள் வந்தார்கள்.

முதலில் வந்தவன் புவனகிரிக்காரன், வங்கி வேலை. காலையிலேயே சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசித்துவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தான். விபூதியின் மேல் சென்சார் உட்கார்ந்தால் என்ன தெரியும்? ஐந்து கோடும் தரையில் படுத்துக் கிடந்தன. மாமா ரகசியம் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மச்சான், உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். பையனின் தாய்மாமன் காபி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்து விருத்தாசலத்துக்காரர்கள். வெயிலில் பஸ்ஸில் வந்து, வழியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்ததும் பையனுக்குக் கண் சொக்கியது. இந்த முறை மாமா ஞாபகமாக விபூதியைத் துடைத்துவிட்டுத்தான் பட்டையை மாட்டினார். செல்போனைப் பார்த்தார். பையனின் அப்பாவைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கம் தீட்டா ஜாஸ்தியா இருக்குதே."

பையனின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி தன் மைத்துனரைப் பார்த்தாள்.

"யாருங்க சொன்னது உங்களுக்கு?" என்றார் அவர், வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டே. "பங்காளிதான், ஆனா ரொம்பத் தூரத்துப் பங்காளி. காரியம் இன்னும் முடியல, வாஸ்தவம். இந்த நல்ல நாள விட்டா அப்புறம் தள்ளிக்கிட்டே போயிடும்னுதான்..."

சாவுத் தீட்டை மறைத்துப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்! அக்கா உடனே மஞ்சள் தண்ணீர் கரைக்க ஓடினாள். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். மாமாவோ பட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு சிலை மாதிரி நின்றார்.

"பங்காளி செத்தத கண்டுபிடிச்சிடுச்சி மச்சான். எப்பேர்ப்பட்ட முள்ளு பாரு!"

அது வேறு தீட்டா என்று நானும் இளமதியும் எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மூன்றாவது வந்தவன் பண்ருட்டி பலாப்பழ மண்டிக்காரர் மகன். ஆள் நல்லவன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கு முன்னால் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டால் உலகம் மறந்துவிடும். பட்டை தலையில் இருக்கும்போதே மென்றுகொண்டிருந்தான். காமா கோடு கூரையைப் போய் இடித்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். காமா ஏறினால் கூர்மையான புத்தி என்று எங்கேயோ படித்திருந்தார்.

"மேதை!" என்றார். மேதை இன்னொரு பஜ்ஜியை எடுத்தான். கோடு இன்னும் ஏறியது.

வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று மாமா வாய் வார்த்தையாகச் சொல்லியே விட்டார். அன்று இரவு இளமதி எனக்குப் போன் செய்தாள். பேசவில்லை, அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பட்டையைக் கெடிலம் ஆற்றில் வீசியிருப்பேன்.

காலையில் முதல் வேலையாகச் சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறக்குமுன், "உக்காரு மச்சான், மேதைக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் காட்டறேன்" என்று சொல்லிக்கொண்டு, முறத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவின் தலையில் பட்டையை மாட்டினார். அக்கா வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

காமா கோடு பலாப்பழ மண்டியை எல்லாம் தாண்டிப் போனது.

மாமா செல்போனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "மலரு... நீயா?"

"என்னாங்க?"

"நீ மேதை."

அக்கா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "இத்தினி வருசம் குடும்பம் நடத்தினப்ப தெரியல. இப்ப ஒரு பட்டை வந்து சொல்ல வேண்டியிருக்குதா?"

கோடு விழுந்துவிட்டது. மாமா பதறினார். "என்னா ஆச்சி? மேதைத்தனம் எங்க போச்சி?"

"துப்பிட்டேன்" என்றாள் அக்கா.

ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இளமதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவந்தாள். பட்டையை என் தலையில் மாட்டி முறுக்கு கடிக்கச் சொன்னாள். காமா ஏறியது. நிறுத்தச் சொன்னாள். இறங்கியது. மூளையின் மின்சாரம் ரொம்பச் சன்னமானது, தாடைத் தசையிலும் நெற்றித் தசையிலும் ஓடுவது அதைவிடப் பல மடங்கு பலமானது, மென்றால் அதுதான் காமா மாதிரித் தெரியும் என்று விளக்கினாள். கண்ணைச் சிமிட்டினால் அது டெல்டா மாதிரித் தெரியுமாம்.

மாமா என் தலையிலிருந்து பட்டையைக் கழற்றினார். பிறகு, "அப்ப நான் பாலைப் பாக்கல. நொரையைப் பாத்திருக்கறேன்" என்றார். தன் தொழிலில் ஒருவர் செய்யக்கூடாத தப்பைச் செய்துவிட்ட முகம் அது. நுரையோடு பால்மானியை விடுகிற பரிசோதகனை அவர் மனிதனாகவே மதித்ததில்லை. அன்றைக்கே பண்ருட்டிக்குப் போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இந்தக் குணம்தான்.

"அப்ப எதத்தான் நம்பறது?" என்று மகளிடம் கேட்டார்.

அவள் நேர்மையாகப் பதில் சொன்னாள். அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். "இந்தப் பட்டையில ஓரளவு நம்பறதுன்னா ஆல்ஃபாதான்ப்பா. நெத்தியத் துடைச்சிட்டு, எதுவும் மெல்லாம, பக்கத்துல சார்ஜர் எதுவும் இல்லாம உக்காந்து கண்ண மூடணும். மனசு அமைதியா இருந்தா ஆல்ஃபா ஏறும். கண்ணத் தொறந்தா எறங்கும்."

என்னை வைத்தே சோதித்தார்கள். கண்ணை மூடினேன், ஏறியது. "கடையிலயும் இப்படித்தான் இருக்கறான்" என்றாள் அக்கா.

சூட்டோடு சூடாக நான் பேச்சை எடுத்தேன். சிதம்பரத்தில் ஒரு பையன் இருக்கிறான், கண்ணாடிக் கடை, நல்ல குடும்பம், நம் உறவுதான் என்றேன். மாமா, "வரச் சொல்லு. மனசு அமைதியா இருக்கிற பையனான்னு மட்டும் பாப்போம். எம்பொண்ணுக்கு அது போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாலகுமார் தன் அம்மாவோடு வந்தான். இளமதி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், பையன் பரீட்சைக்குப் படித்தவன் மாதிரி வந்தான். அதுவே பெரிய தப்பு. ஒரு வாரமாகக் கடையைப் பூட்டிய பிறகு கண்ணை மூடி அமைதியாக இருந்து பழகினானாம். அமைதிக்கு அத்தனை பாடுபட்டவன் முகத்தில் அமைதி எப்படி இருக்கும்?

மாமா அன்றைக்கு ஏற்பாடு ஒன்றையும் விடவில்லை. ஃபேனை நிறுத்தினார். டிவி பிளக்கைப் பிடுங்கினார். என் செல்போன் சார்ஜரைத் தெருவுக்கு அனுப்பினார். சோதனை முடியும்வரை பஜ்ஜி வரக்கூடாது என்று அடுப்படிக்கு உத்தரவு. வந்தவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து உட்கார வைத்திருப்பதைப் பார்த்துப் பாலகுமாரின் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மூக்குக் கண்ணாடியின் காம்பு சென்சாரை இடித்ததால் அதையும் கழற்றச் சொன்னார் மாமா. கண்ணாடி இல்லாமல் பாலகுமாருக்கு அரை அடிக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம். இளமதி தண்ணீர் டம்ளர்த் தட்டோடு வந்து நின்றபோது, பையன் கதவுக்குப் பக்கத்தில் இருந்த என் அக்காவைப் பார்த்து வெட்கப்பட்டான்.

"கண்ண மூடுங்க மாப்ள" என்றார் மாமா.

மூடினான். நாங்கள் எல்லோரும் செல்போனைப் பார்த்தோம். ஆல்ஃபா அசையவே இல்லை. பீட்டா மட்டும் மேலே நின்று ஆடியது.

"தொறங்க. இன்னொரு வாட்டி மூடுங்க. மூச்ச இழுத்து விடுங்க."

பையன் மூச்சை இழுத்தான். விடுவதற்கு மறந்துவிட்டான். ஆல்ஃபா படுத்தே கிடந்தது. மாமா மூன்றாவது தடவையும் வாய்ப்புக் கொடுத்தார், அதை நான் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க நல்ல பையனாதான் தெரியறீங்க. ஆனா உங்க மனசுல அமைதி இல்ல. அமைதி இல்லாத எடத்துல எம்பொண்ண எப்படிக் குடுப்பேன்?"

இளமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு நிமிசம்" என்றார் பாலகுமாரின் அம்மா. பொங்கிவிட்டார். "வந்து ஒரு மணி நேரமாச்சி, ஒரு வாய் பலகாரம் இல்ல. காத்து இல்ல. எம்புள்ள கண்ணாடியப் புடுங்கிக்கிட்டீங்க. மண்டையில பட்டையக் கட்டி அமைதியா இரு, அமைதியா இருன்னு வெரட்டறீங்க. எங்க, நீங்க மாட்டிக்கிட்டுக் கண்ண மூடுங்க பாப்போம்!"

நியாயம் என்றால் மாமா தட்டமாட்டார். "பாருங்க" என்று மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடினார். செல்போன் என் கையில் இருந்தது. ஆல்ஃபா ஏறவில்லை. பாலகுமாருக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"எவ்ளோ மச்சான்?"

"ஏறல மாமா."

"நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டேன். ஏறல."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அக்கா பக்கத்தில் வந்து நின்று, "ஏங்க, மனசுல என்னாதான் நெனைக்கிறீங்க?" என்றாள்.

மூடின கண்ணோடு மாமா பதில் சொன்னார். "இவன வேணான்னு சொன்னாலும் அடுத்தவன் வருவான். யாராவது ஒருத்தன் கூட்டிக்கிட்டுதான் போவப்போறான். அதத்தான் நெனைக்கிறேன். கொஞ்ச நாளா வேற நெனப்பே இல்ல."

அந்த மனிதர் எதற்காக வருகிறவன் ஒவ்வொருவன் தலையிலும் பட்டையை மாட்டினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

பாலகுமார் பனிமூட்டத்துக்குள் மாமா இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து, "நான் அவுங்க எனக்குக் கெடைக்காமப் போயிடுவாங்களோன்னு நெனச்சேன் மாமா" என்றான். 'மாமா' என்று அவன் சொன்னதை அங்கே எல்லோரும் கவனித்தோம்.

மாமா பட்டையைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளமதி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"குடுங்கப்பா."

வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். உட்காரக் காலியாக இருந்தது பாலகுமாருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும்தான். உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே கண்ணை மூடினாள்.

அடுப்பில் வைத்த பால் ஓரத்தில் கொஞ்சமாக அசைந்து, பிறகு மொத்தமாக எழும்புமே, அப்படி எழும்பியது ஆல்ஃபா. மற்ற நாலு கோடும் கீழே தங்கிவிட்டன. நான் செல்போனை மாமாவிடம் நீட்டினேன். அவர் வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்தாள், இறங்கியது. மூடினாள், மறுபடி ஏறியது.

"என்னாம்மா நெனச்ச?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நெனைக்கலப்பா. அவுரு பக்கத்துல உக்காந்தேன். அவ்ளோதான்."

மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "மலரு, பஜ்ஜிய எடுத்தா" என்றார். பிறகு, பாலகுமாரின் கண்ணாடியைத் தன் வேட்டி முனையிலேயே துடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"ஊர்ல இருக்கறவன் தலையெல்லாம் தேடித் தேடி மாட்டினேன் மச்சான். இவளுக்குத்தான் மொதல்ல மாட்டிப் பாத்திருக்கணும்."